ஷூவுக்குள் ஷூ ஹார்ன்: எங்கே வைப்பது, எப்படித் தைப்பது?

வாசலிலேயே செருப்பைக் கழற்றும் ஊர் நம்முடையது. வீடு, கோயில், டாக்டர் கிளினிக், சில கடைகள் என்று ஒரு நாளில் பல தடவை ஷூவைக் கழற்றி மாட்டுகிறோம். குதிகாலை ஷூவுக்குள் வழுக்கிவிடும் வளைந்த பலகையான ஷூ ஹார்னோ வீட்டு ஷூ ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். ‘அதை ஷூவிலேயே பதித்து வைத்துவிட்டால் என்ன?’ என்று தொழில்காரர்களும் ஷூ போடுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். அதையொட்டிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆண்களுக்கான ஃபார்மல் ஷூ செய்கிறேன். ஹீல் உயரம் 28 மி.மீ. அதைக் குடைந்து, இழுப்பறை மாதிரி ஒரு ஷூ ஹார்னை உள்ளே தள்ளி வைக்க நினைக்கிறேன். சரிவருமா?
— ராணிப்பேட்டை வாசகர்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் இடம் ஹீல்தான். காலியாகக் கிடக்கிற இடம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிவதால் அப்படி. கணக்குப் போட்டால் அங்கே அவ்வளவு இடம் இல்லை.

8ஆம் எண் ஷூவில் ஹீலின் நீளம் ஏறக்குறைய 70 மி.மீ., அகலம் 60 முதல் 65 மி.மீ. நான்கு பக்கமும் சுவருக்கு 6 மி.மீ. விட்டாக வேண்டும். மிஞ்சுவது 58 மி.மீ. நீளம். கையால் பிடித்துப் பயன்படுத்தும் ஹார்னுக்குக் குறைந்தது 90 மி.மீ. தேவை: பாதி ஷூவுக்குள் இறங்கும், பாதி விரல் பிடிக்க. 58 மி.மீ. துண்டைப் பிடித்தால் குதிகாலுக்கும் ஹார்னுக்கும் நடுவில் உங்கள் விரல்தான் நசுங்கும். ஆக, மடக்கு ஹார்ன்தான் வைக்க முடியும். மடக்கினால் தடிமன் இரண்டு மடங்கு. ஹார்னின் வளைவையும் சேர்த்தால் 12 மி.மீ. உயரப் பொந்து வேண்டும். 28 மி.மீ. ஹீலில், கீழே தரையில் படும் 6 மி.மீ. டாப் பீஸ் போக, பொந்துக்கு மேலும் கீழுமாகச் சேர்த்து 10 மி.மீ.தான் சதை மிஞ்சும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முழுக்க முதலில் விழுவது அந்த 10 மி.மீ. மேல்தான்.

அடுத்தது ஆணி. ஹீலை உள்ளிருந்து இன்சோல் (பாதம் படும் உள்ளடித் தட்டு) வழியாக ஆணியடித்துத்தான் பிடித்திருப்பீர்கள். பொந்து வந்தால் ஆணிகள் எல்லாம் சுற்றுச்சுவருக்குத் தள்ளப்படும். 6 மி.மீ. சுவரில் ஆணி இறங்கினால் விரிசல் விடும். ஏ.பி.எஸ். எனும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த ஹீலில் இது உடனே தெரியாது. சில வாரம் கழித்துப் பொந்தின் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு ஓடும். பொந்தின் உள்மூலைகளைச் செங்கோணமாக விடாமல் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட்டால் விரிசல் தள்ளிப்போகும், ஒழியாது.

வாய் எந்தப் பக்கம் என்பதும் கேள்வி. பெரும்பாலோர் ஹீலின் பின்பக்க வெளிமூலையில்தான் முதலில் ஊன்றுகிறார்கள். பழைய ஷூ எதையாவது கவிழ்த்துப் பாருங்கள், தேய்ந்திருப்பது அந்த மூலை. பின்பக்கம் வாய் வைத்தால் தேய்மானம் நேராக அதன் விளிம்புக்கே வந்து சேரும். உள்பக்கம் வைத்தால் மறு ஷூ உரசி மூடியைத் தட்டிவிடும். ஹீலின் முன்முகம், அதாவது பாதக் குழிவைப் பார்த்த முகம், தேய்மானத்துக்கும் சேற்றுக்கும் ஒதுங்கிய இடம். ஆனால் அங்கே வேறொரு தொந்தரவு காத்திருக்கிறது. இந்த யோசனையையே ஆட்டங்காண வைப்பது அதுதான்.

ஹார்னை எடுப்பது ஷூ கையில் இருக்கும்போது. திரும்ப வைப்பது எப்போது? கால் உள்ளே போன பிறகு, சோல் தரையில் ஊன்றியிருக்கும்போது. முன்முகத்தில் வாய் வைத்தால் காலைத் தூக்கி, அடியில் கையை விட்டு, அழுக்கோடு தடவித்தான் செருக வேண்டும். குனிய முடியாதவருக்காகச் செய்த ஷூ அவரை இன்னும் கொஞ்சம் குனிய வைக்கும். இன்சோலுக்கு அடியில் ஒளித்து வைக்கும் வடிவமும் இங்கேதான் அடிபடும். கால் ஏறி நின்ற பிறகு இன்சோலைத் தூக்கவே முடியாது. எந்த வடிவம் யோசித்தாலும், ‘இரண்டு ஷூவும் காலில் இருக்கும்போது இதைத் திரும்ப வைக்க முடியுமா?’ என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் மூன்றாம் நாளே ஹார்ன் சட்டைப் பையில் இருக்கும், ஹீலில் பொந்து மட்டும் இருக்கும்.

சரி, ஹீல் வேண்டாம் என்றால் எங்கேதான் வைப்பது? எங்கள் யூனிட்டில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைப்பதிலிருந்து லாஸ்டிங் (அதை லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவது) வரை எல்லாம் உண்டு.
— ஆம்பூர் வாசகர்

குதிகாலுக்குப் பின்னால், லைனிங்குக்கும் கவுண்டருக்கும் நடுவில். கவுண்டர் என்பது பின்பக்கம் விறைப்பாக நிற்க அப்பருக்குள் வைக்கும் அட்டை அல்லது தெர்மோபிளாஸ்டிக் துண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதன் உட்பக்கம் ஓர் உறை தைத்து, ஹார்ன் அதற்குள் மேலும் கீழும் சறுக்கும்படி விடுங்கள். மேலே இழுத்தால் சறுக்குப் பலகை. கால் உள்ளே போனதும் விரலால் கீழே அழுத்தினால் மறைந்துவிடும். ஷூவை விட்டு வெளியே வராது என்பதால் தொலையாது, திரும்ப வைக்கும் சிக்கலும் இல்லை.

உறையை அப்பருக்கு வெளியே வைத்துப் பார்க்க ஆசை வரும், தைக்கவும் எளிது. வைக்காதீர்கள். ஹார்ன் டாப்லைனுக்கு (ஷூ வாயின் மேல்விளிம்பு) வெளியே எழும்பினால் குதிகால் முதலில் இடிப்பது டாப்லைன் விளிம்பில்தான். விளிம்பு உள்ளே மடங்கும், ஹார்ன் பின்னால் வேடிக்கை பார்க்கும்.

8ஆம் எண்ணுக்கான அளவுகள் இவை. இன்சோலிலிருந்து டாப்லைன் வரை பின்னுயரம் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஹார்ன் 48 மி.மீ. நீளம், 36 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அடியில் இரு பக்கமும் 3 மி.மீ. காது விடுங்கள், அங்கே மொத்த அகலம் 42. உறையின் வாய் டாப்லைனுக்கு 6 மி.மீ. கீழே தொடங்கட்டும். வாயிலிருந்து 18 மி.மீ. வரை உறையின் உள்ளகலம் 38 மி.மீ.; அதற்குக் கீழே 44. பாட்டில் கழுத்து போன்ற இந்த வடிவம் ஹார்னுக்கு வேலி. மேலே இழுக்கும்போது காது கழுத்தில் முட்டி நிற்கும், 18 மி.மீ. உறைக்குள்ளேயே தங்கும். அது அவசியம். குதிகால் சறுக்கும்போது ஹார்னைப் பின்னால் நெம்பும். மூன்றில் ஒரு பங்காவது உறைக்குள் ஊன்றி நிற்காவிட்டால் வாய்த்தையல் கிழியும்.

அந்த வாய்க்கு 10 மி.மீ. நைலான் டேப்பை உள்ளே வைத்து, 2 மி.மீ. இடைவெளியில் இரட்டைத் தையல் போடுங்கள். ஹார்னின் மேல்விளிம்புக்கு 8 மி.மீ. கீழே ஒரு கீறல் வெட்டி, அதில் 10 மி.மீ. அகல டேப்பைக் கோத்து டாப்லைனுக்கு மேலாக வெளியே 25 மி.மீ. தொங்கவிடுங்கள். இந்த வால் இல்லாவிட்டால் 6 மி.மீ. கீழே இறங்கிய ஹார்னை நகத்தால் தோண்ட வேண்டியிருக்கும்.

உறைத் தோலுக்கு 0.8 முதல் 1.0 மி.மீ. ஆட்டு லைனிங் போதும். வழவழப்பான பக்கம் ஹார்னைப் பார்க்கட்டும், சொரசொரப்பான சதைப்பக்கம் குதிகாலைப் பார்க்கட்டும். மாற்றி வைத்தால் இரண்டு கெடுதல்: ஹார்ன் சிக்கும், குதிகால் நடக்கும்போது நழுவும். ஓரங்களை 0.4 மி.மீ. வரை ஸ்கைவ் செய்துவிடுங்கள், அதாவது சீவி மெலிதாக்குங்கள். இல்லாவிட்டால் உறையின் ஓரம் ஒரு கோடாகக் குதிகாலில் பதியும்.

உற்பத்தியில் தவறு நடக்கும் இடம் பேக்பார்ட் மோல்டிங், அதாவது ஷூவின் பின்பக்கத்தைச் சூட்டு அச்சில் வடிவமைக்கும் படி. தெர்மோபிளாஸ்டிக் கவுண்டரின் இரு முகத்திலும் சூட்டில் இளகும் பசை இருக்கும். சூட்டு அச்சில் அழுத்தும்போது அது உறைத் தோலுக்குள் ஊறி, உறையின் இரு சுவரையும் ஒட்டிவிடும். இதைத் தடுக்கக் கவுண்டருக்கும் உறைக்கும் நடுவில் 0.5 மி.மீ. துணி லைனிங் ஒன்று கொடுங்கள். உறைக்குள் தற்காலிகமாக ஒரு பாலியஸ்டர் தகட்டைச் செருகி வைத்து மோல்டிங், லாஸ்டிங் எல்லாம் முடியுங்கள். ஷூ லாஸ்டிலிருந்து கழன்ற பிறகு தகட்டை உருவிவிட்டு, ஹார்னின் காதுகளை உள்பக்கம் மடக்கிச் செருகினால் கழுத்தைத் தாண்டி உள்ளே போய் விரிந்துகொள்ளும். உடைந்தால் மாற்றுவதும் இதே வழியில்தான். 1.2 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் இப்படி மடங்கி நிமிரும், ஏ.பி.எஸ். என்றால் காது முறிந்து கையில் வரும்.

ஹார்ன், உறைத் தோல், துணி மூன்றும் சேர்ந்து 2.7 மி.மீ. வழக்கமான லைனிங்கின் 1 மி.மீ.யைக் கழித்தால் 1.7 மி.மீ. கூடுதல். கால் முன்னால் அந்த அளவு தள்ளப்படும். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் 6.67 மி.மீ.தான், அதில் கால் பங்கு இங்கேயே போய்விடுகிறது. லாஸ்டின் பின்பக்கம் அதே தடிமனுக்கு ஒரு தோல் துண்டை ஸ்கைவ் செய்து ஒட்டி, அதன்மேல் லாஸ்டிங் செய்யுங்கள். எண்ணைக் கூட்டிக் கொடுப்பது தீர்வல்ல, அகலமும் கூடிவிடும்.

மாதிரிக்கு அச்சு செய்யச் செலவழிக்க வேண்டாம். 63 மி.மீ. பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்தால் குதிகாலின் வளைவுக்கு ஏறக்குறைய பொருந்தும் துண்டு கிடைக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் இளகும், லாஸ்டின் பின்பக்கம் வைத்து அழுத்தி ஆறவிடுங்கள். 120, 220, 400 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு விளிம்பை உருட்டுங்கள். சுவர் தடிமன் அதிகம், மடங்கவும் மடங்காது. எனவே காது இல்லாமல் வளைவையும் இழுவையையும் சரிபார்க்க மட்டும் இது.

என்னிடம் இருக்கும் நல்ல தோல் ஷூவிலேயே இதைச் செய்துதர முடியுமா? தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் நன்றாக வேலை செய்கிறார்.
— சென்னை, பெரம்பூர் வாசகர்

சறுக்கு உறை வேண்டாம். முடிந்த ஷூவில் கவுண்டரைத் துளைத்து ஊசி போகாது, உறையை ஒட்ட மட்டும்தான் முடியும். ஒட்டியது உரிந்துவிடும்.

அவரிடம் பின்னால் ஓர் இழுப்பு வளையம் தைக்கச் சொல்லுங்கள். உங்கள் தேவைக்கு அதுவே பெரும்பாலும் போதும். 15 மி.மீ. அகல நைலான் டேப், 10 செ.மீ. நீளம். இரண்டாக மடித்தால் 5 செ.மீ.; அதில் 2 செ.மீ. தையலுக்குள், 3 செ.மீ. வளையம், சுட்டுவிரல் நுழையும். வெட்டிய முனைகளை நெருப்பில் காட்டி உருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரியும். கவுண்டரின் மேல்விளிம்பு பொதுவாக டாப்லைனுக்குச் சில மி.மீ. கீழேயே நின்றுவிடும். அந்த மெத்தென்ற பகுதியில் விரலை வைத்து அழுத்தி, விறைப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கு மேலேயே முக்கியத் தையல் விழட்டும். மெழுகிட்ட நூலில் 3 மி.மீ. தையல். பின்தையல் பழசாகி நூல் இற்றிருந்தால் 25-க்கு 40 மி.மீ. தோல் ஒட்டு ஒன்றை வெளியே கொடுத்து அதோடு சேர்த்துத் தைக்கலாம்.

‘ஸ்ட்ராங்கான சொல்யூஷன் போட்டுவிடுகிறேன், தையல் வேண்டாம்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வளையத்தை மேலே இழுக்கும்போது ஒட்டு ஒரு விளிம்பிலிருந்து உரிகிற திசையில் விசை விழுகிறது. பசை நேர் இழுவையைத் தாங்கும், உரிப்பதைத் தாங்காது.

அதற்கு முன் ஒன்று. ஷூ போட இவ்வளவு சிரமம் என்றால் அளவு சரிதானா என்று பாருங்கள். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை நாடெங்கும் அளந்ததில், நம் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று தெரிந்தது. குறுகிய ஷூவில் அகலத்துக்காக நீளத்தைக் கூட்டி வாங்குவது நம்மூர் பழக்கம். அப்படி வாங்கியதில் முன்னால் காலி, பின்னால் தொளதொளப்பு, நடுவில் மட்டும் பிடிப்பு. அங்கே மாட்டிக்கொள்ளும் காலை எந்த ஹார்னும் உள்ளே கொண்டுபோகாது.

பித்தளை, ஸ்டீல், மாட்டுக்கொம்பு, பிளாஸ்டிக். ஷூவுக்குள் பதிக்க எது நல்லது?
— மதுரை வாசகி

பதிப்பதற்கென்றால் பாலிப்ரொப்பிலீன்தான். வழுக்கும், மடங்கும், வியர்வையில் கெடாது. மேலே சொன்ன அளவில் 2 கிராம்கூட வராது.

ஸ்டீல் 0.8 மி.மீ. போதும், மெலிதாக இருக்கும். ஆனால் விளிம்பு சாக்ஸைக் கிழிக்கும், விமான நிலைய வாசலில் கத்தும். (பல ஃபார்மல் ஷூக்கள் ஏற்கெனவே கத்தும், பாதக் குழிவுக்கு அடியில் ஸ்டீல் ஷாங்க் இருக்கிறது.) சாதா இரும்பாக இருந்தால் இன்னொன்று: கடுக்காய், ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரத்தில் இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை பிடிக்கும், போகவே போகாது. பித்தளை வியர்வையில் பச்சை பூக்கும். வெள்ளை சாக்ஸ் போடுகிறவர்களுக்கு ஆகாது. கொம்பு வீட்டில் வைத்துப் பயன்படுத்த அழகானது, குதிகாலில் படும்போது சுகமாகவும் இருக்கும். மெல்லிய துண்டாக வெட்டி உறைக்குள் வைத்தால் காய்ந்து இழைவாக்கில் பிளக்கும்.

காந்தம் வைத்துப் பிடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெருவில் இரும்புத்தூள் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஸ்னீக்கரில் பக்கவாட்டில் பாக்கெட் வைத்து ஹார்னைச் செருகலாமா?
— கோயம்புத்தூர் வாசகர்

வைக்கலாம், முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவில் 1979இல் வந்த கங்காரூஸ் ஷூவில் பக்கவாட்டில் ஜிப் வைத்த சின்னப் பை இருந்தது, சாவிக்கும் சில்லறைக்கும். காலில் ஷூ இருக்கும்போதே கை எட்டும் இடம் என்பதால் நம் முதல் கேள்வியில் அது பாஸ்.

வெளிப்பக்கம் வையுங்கள்; உள்பக்கம் இரு ஷூவும் உரசும். வெளிக் கணுக்கால் எலும்பு உள்ளெலும்பைவிடத் தாழ்வாக இருக்கும், ஆகவே பையின் மேல்விளிம்பு அதற்குக் கீழே முடிய வேண்டும். காலை ஷூவுக்குள் வைத்தே குறியுங்கள், லாஸ்டைப் பார்த்துக் குறிக்காதீர்கள். வளைந்த ஹார்ன் அங்கே புடைத்து நிற்கும். 1 மி.மீ. தட்டையான பாலிப்ரொப்பிலீன் தகடு, 90-க்கு 38 மி.மீ., நடுவில் நீளவாக்கில் இரண்டு மெல்லிய பள்ளக் கோடு. பையில் தட்டையாகக் கிடக்கும். விரலால் இரு ஓரத்தையும் கிள்ளினால் ஹார்ன் மாதிரி குழியும். பள்ளத்தைத் தகட்டின் பாதி ஆழத்துக்கு மேல் போடாதீர்கள்.

பைக்கு வெல்க்ரோ வேண்டாம், நூல் பிசிறும் மண்ணும் ஏறி ஒரு மழைக்காலத்தில் பிடிப்பு போய்விடும். ஜிப்பென்றால் நைலான் பல் வைத்தது. பையின் கீழ் மூலையில் 4 மி.மீ. ஐலெட் (வளையம் பதித்த துளை) ஒன்று, தண்ணீர் வடிய. லேஸ் ஸ்னீக்கர் என்றால் நாக்குக்குமேல் லேஸுக்கடியில் வைப்பதும் ஒரு வழி. தகடு 1 மி.மீ.க்கு மேல் போனால் லேஸை இறுக்கும்போது புறங்காலில் அழுத்தும்.

அப்பாவுக்கு 71 வயது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்திருக்கிறது. இப்படி ஹார்ன் பதித்த ஷூ அவருக்கு உதவுமா?
— திருச்சி வாசகி

உதவாது. இந்த இதழில் சொன்ன எந்த வடிவமும் குனிந்து குதிகாலைத் தொடக்கூடியவர்களுக்குத்தான். அறுவை முடிந்தவரிடம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காதீர்கள், காலை உள்பக்கம் திருப்பாதீர்கள், குறுக்கே போடாதீர்கள் என்று பல மருத்துவர்கள் சொல்லி அனுப்புவார்கள். அது எத்தனை வாரத்துக்கு என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். ஷூவிலிருந்து ஹார்னை எடுக்கக் குனிவதே அந்த வரம்பை மீறுவது.

அவருக்கு 60 முதல் 75 செ.மீ. நீளக் கைப்பிடி ஹார்ன் வாங்குங்கள். உட்கார்ந்தபின் முழங்கால் இடுப்பைவிட உயராத, கை வைத்த கெட்டியான நாற்காலி. ஷூவைச் சுவரோரம் முட்டும்படி வைத்தால் முன்னால் ஓடாது. லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிடுங்கள். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, காலை முன்னால் நீட்டி, ஹார்னைப் பின்பக்கம் நிறுத்தி, பாதத்தை நேராக முன்னால் தள்ளட்டும். வளைத்துத் திருகி நுழைக்கக் கூடாது. லேஸுக்குப் பதில் எலாஸ்டிக் லேஸ் கோத்துவிட்டால் முடிச்சுப் போடும் வேலையும் இல்லை. சாக்ஸுக்குத் தனிக் கருவி இருக்கிறது: இரண்டு கயிறு கட்டிய பிளாஸ்டிக் குழல். அதில் சாக்ஸை ஏற்றித் தரையில் போட்டு, காலை விட்டுக் கயிற்றை இழுக்க வேண்டியதுதான்.

கை வைக்காமலே போடும் ஷூக்களையும் பார்க்கலாம். பெருமூளை வாதம் உள்ள மேத்யூ வால்சர் என்ற அமெரிக்க மாணவர், தன்னால் லேஸ் கட்ட முடியவில்லை என்று 2012இல் நைக்கிக்கு எழுதிய கடிதத்திலிருந்து ‘ஃப்ளைஈஸ்’ வரிசை பிறந்தது. 2015இல் ஜிப் வைத்த ஷூ வந்தது. 2021இல் அறிவித்த ‘கோ ஃப்ளைஈஸ்’ நடுவில் கீல் வைத்தது: திறந்தபடி நிற்கும், காலை வைத்து மிதித்தால் மூடிக்கொள்ளும். வேறு சில நிறுவனங்கள் குதிகால் பகுதியையே மிதித்தால் அமுங்கி, விட்டால் நிமிரும்படி செய்கின்றன. ஹார்னை ஒளித்து வைப்பதைவிட, ஷூவின் பின்பக்கத்தையே ஹார்னாக்கிவிடும் இந்த வழிதான் எங்களுக்கு மேலாகத் தோன்றுகிறது. ஒரு எச்சரிக்கை: விளம்பரத்தில் நின்றபடி காலை நுழைப்பார்கள். உங்கள் அப்பா உட்கார்ந்தே போடட்டும்.

சர்க்கரை நோயால் எனக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இந்த மாதிரி ஷூ போடலாமா?
— வேலூர் வாசகர்

ஷூவுக்குள் எந்தத் தனித்துண்டும் வேண்டாம். மற்றவருக்கு உறுத்தியவுடன் தெரியும். உங்களுக்குப் புண்ணான பிறகுதான் தெரியும். சறுக்கு ஹார்ன் முழுக்க இறங்காமல் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால்கூட ஒரு மாலை நடையில் குதிகால் தோல் உரிந்துவிடும்.

உங்கள் ஊர்ப்பக்கமே இதற்கு வழி காட்டிய ஊர். வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்கென்று உருவான எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். பின்வார் வைத்த, வெல்க்ரோ மூடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு முழுக்கத் திறக்கும், ஹார்னே தேவையில்லை. ஷூதான் வேண்டுமென்றால் விளிம்பு உருட்டிய பிளாஸ்டிக் ஹார்னைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். போடும் முன் ஒவ்வொரு தடவையும் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.

பையன் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மிதித்தே போடுகிறான். இரண்டு மாதத்தில் ஷூ செருப்பாகிவிடுகிறது.
— சேலம் வாசகி

கவுண்டர் ஒருமுறை மடங்கி உடைந்தால் எந்த மருந்துக்கும் நிமிராது. இழுப்பு வளையம் தைத்துக் கொடுங்கள், லேஸுக்குப் பதில் வெல்க்ரோ பட்டை வைத்த பள்ளி ஷூவாக வாங்குங்கள். ஹார்ன் பதித்துக் கொடுத்தால் அதை வகுப்பில் ஸ்கேல் ஆக்கிவிடுவான்.

ஷூவில் ஹார்ன் பதிக்கும் யோசனைக்குப் பேடன்ட் எடுக்க முடியுமா? அடுத்த கண்காட்சியில் மாதிரியை வைக்க இருக்கிறேன்.
— வாணியம்பாடி வாசகர்

கண்காட்சியில் வைப்பதற்கு முன் விண்ணப்பியுங்கள். பொதுவில் காட்டிவிட்டால் ‘புதியது’ என்ற தகுதியே போய்விடக்கூடும்.

‘ஷூவில் ஹார்ன்’ என்ற யோசனை பழசு. உலகப் பேடன்ட் வகைப்பாட்டில் அதற்கென்றே ஒரு பெட்டி ஒதுக்கியிருக்கிறார்கள்: ஏ43பி 11/02, ஷூ ஹார்ன் கொண்ட காலணிகள். தனி ஹார்ன்கள் ஏ47ஜி 25/82. இந்த இரண்டு எண்ணையும் கூகுள் பேடன்ட்ஸில் போட்டு, படங்களை மட்டுமாவது ஒரு நாள் உட்கார்ந்து புரட்டுங்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது யோசனைக்கான உரிமை அல்ல. ஹார்ன் எதில் முட்டி நிற்கிறது, எப்படிப் பூட்டிக்கொள்கிறது, எந்தப் படியில் செருகப்படுகிறது என்பது போன்ற ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டுக்கான உரிமை. அந்த ஏற்பாடு இதுவரை இல்லாததாகவும், தொழில் தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றாததாகவும் இருக்க வேண்டும். இந்த இதழில் நாங்கள் அச்சிட்ட பாட்டில் கழுத்து உறைக்கு இனி யாரும் புதுமை கோர முடியாது, நீங்களும்தான்.

வேலை முடியவில்லையென்றால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுத்தாக வேண்டும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600. பரிசோதனைக் கோரிக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வழக்கறிஞர் செலவு வேறு. கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. நம் பகுதிக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தோற்றம் மட்டும்தான் புதியது என்றால் டிசைன் பதிவு போதும்: 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். அதற்கும் முன்கூட்டியே வெளியில் காட்டியிருக்கக் கூடாது.

தனி ஹார்ன் வைக்கும் மாடலில் இரண்டு ஷூவிலும் பை வேண்டுமா, ஒன்றில் போதுமா?
— நாகர்கோவில் வாசகர்

ஒன்றில் போதும். வலக்கைக்காரருக்கு வலது ஷூவின் வெளிப்பக்கம். இடது காலை முதலில் போடச் சொல்லுங்கள். கடைசியாக ஹார்ன் கையில் இருக்கும்போது பை பக்கத்திலேயே இருக்கும். ஆனால் இடது ஷூவிலும் வெறும் பையாவது தையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தையல் தெரிந்தால் கடைக்காரர் அதை டேமேஜ் என்று ஒதுக்கி வைப்பார்.